நெல் ஈரம் அளந்த வரலாறு: களத்துக் கை முதல் மின்கலமில்லா வில்லை வரை

மின்கலமில்லா ஈர உணர்வில்லை என்பது, தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தின் அளவைக் கம்பியில்லாமல் தெரிவிக்கும் மெல்லிய ஒட்டுவில்லை ஆகும். இதற்குள் மின்கலம் கிடையாது. வாசிப்புக் கருவி அனுப்பும் வானலையிலிருந்தே தனக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துக்கொண்டு விடை சொல்லும். இவ்வகை வில்லைகள் 2010-களின் நடுப்பகுதியில் விற்பனைக்கு வந்தன. ஆனால் அவை நிறைவேற்ற முயலும் தேவை மிகப் பழையது. விளைந்த தானியத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்ற கேள்விக்கு உழவரும் வணிகரும் அரசும் காலந்தோறும் வெவ்வேறு வழிகளில் விடை தேடியுள்ளனர். நெல்லும் வேர்க்கடலையும் விளையும் திருவண்ணாமலை வட்டாரத்தை முன்வைத்து அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டாரமும் பயிர்களும்

திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலால் பெயர்பெற்ற ஊர். சைவ மரபில் இது ஐம்பூதத் தலங்களுள் நெருப்புக்கு உரியது. பழைய வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்து 1989 செப்டம்பர் 30 அன்று பிரிக்கப்பட்ட புதிய மாவட்டத்துக்கு இவ்வூர் தலைநகராயிற்று. கோயில் நகரம் என்ற அடையாளத்துக்கு அப்பால், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர், செங்கம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த ஏரிப் பாசன, கிணற்றுப் பாசன வேளாண்மையே மாவட்டத்தின் அடிப்படை வாழ்வாதாரம்.

இங்கு சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பருவங்களில் நெல் பயிராகிறது. சித்திரையை ஒட்டித் தொடங்கும் சொர்ணவாரி ஆவணி வாக்கில் அறுவடைக்கு வரும். அப்போது தென்மேற்குப் பருவக்காற்றின் மாலை மழை பெய்யும். ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரி வேர்க்கடலை புரட்டாசி, ஐப்பசியில் பிடுங்கப்படும். அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம். ஆகவே இவ்வட்டாரத்தில் அறுவடையும் மழையும் அடிக்கடி ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன. ஈரம் இங்கே ஆண்டுதோறும் எழும் கேள்வி.

ஆரணி அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். இங்கிலாந்தைச் சேர்ந்த பொருளியல் ஆய்வாளர் பார்பரா ஹாரிஸ்-வைட் 1973 முதல் பல பத்தாண்டுகள் ஆரணியின் சந்தைப் பொருளாதாரத்தை ஆராய்ந்து எழுதினார். அரிசி, பட்டு, தங்கம் ஆகிய மூன்று தொழில்களும் அவ்வூரை உருவாக்கிய விதம் அவர் எழுத்துகளில் பதிவாகியுள்ளது. ஆலைத் தொழிலின் உயிர்நாடி உலர்த்துதல். புழுங்கல் அரிசிக்காக ஊறவைத்து அவித்த நெல்லில் மூன்றில் ஒரு பங்கு வரை நீர் இருக்கும். அதைச் சுமார் 14 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்த பின்பே அரைக்க இயலும். காய்ச்சல் குறைந்தால் அரிசி நசுங்கும். மிஞ்சினால் நொய்யாகும்.

கையும் பல்லும் காதும்

நெல் போதிய அளவு உலர்ந்த நிலையைத் தமிழ்நாட்டு உழவர் ‘காய்ச்சல்’ என்கின்றனர். ‘நெல் நல்ல காய்ச்சல்’, ‘இன்னும் ஒரு காய்ச்சல் வேண்டும்’ என்பவை களத்தில் இன்றும் கேட்கும் தொடர்கள். காய்ச்சலைக் கணிக்கக் கருவி ஏதும் இருந்ததில்லை. கையை நெல்லுக்குள் விட்டுக் குளிர்ச்சியைப் பார்ப்பர். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டி ஓசையைக் கேட்பர். ஒரு மணியை உமி நீக்கிப் பல்லிடுக்கில் வைத்துக் கடிப்பர். ‘டக்’கென்று உடைந்தால் காய்ச்சல் போதும். நசுங்கினால் போதாது.

இவ்வட்டாரத்தில் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலைக்குக் காதே கருவி. நன்கு காய்ந்த காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்கும். ஈரக் காய் ஓசை தராது. மூட்டையில் வரும் சரக்கை வணிகர் குத்தூசியால் குத்தி, உள்ளிருந்து சில மணிகளை எடுத்து இதே சோதனைகளைச் செய்தனர்.

இம்முறைகளில் அனுபவம் இருந்தது, எண் இல்லை. அக்காலத்தில் எண் தேவைப்படவும் இல்லை. நெல் அப்போது பெரும்பாலும் முகத்தல் அளவையில் அளக்கப்பட்டது. 8 படி 1 மரக்கால், 12 மரக்கால் 1 கலம் என்பது வழக்கம். மரக்காலால் அளக்கும்போது ஈரத்தின் எடை நேரடியாகக் கணக்கில் சேர்வதில்லை. எடையால் நெல் வாங்கும் வழக்கம் பரவியபோதும், 1956-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்தைத் தொடர்ந்து கிலோகிராம் நடைமுறைக்கு வந்தபோதும் நிலைமை மாறியது. எடைக்குப் பணம் என்றால், நெல்லோடு சேர்ந்த நீருக்கும் பணம் என்று பொருள். அந்த நீர் எவ்வளவு என்ற கேள்வி வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான வழக்காக மாறிற்று.

ஈரத்தின் கணக்கு

100 கிலோ நெல்லில் 22 விழுக்காடு ஈரம் இருப்பதாகக் கொள்வோம். அதில் நீர் 22 கிலோ, உலர்பொருள் 78 கிலோ. இதை 17 விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்தினால் உலர்பொருள் மாறாது. அந்த 78 கிலோ இப்போது மொத்தத்தில் 83 விழுக்காடு. எனவே மொத்த எடை 78-ஐ 0.83-ஆல் வகுத்தால் வரும் சுமார் 94 கிலோ. ஈரம் 5 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தபோது எடை 6 கிலோ குறைந்துவிட்டது. கிலோ 25 ரூபாய் என்றால் இது 150 ரூபாய். ஓர் ஏக்கரில் 25 குவிண்டால் விளைந்த உழவருக்கு 3,750 ரூபாய்.

எடைக்கு அடுத்தது கெடுதல். தானியமணி தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கும் இயல்புடையது. நம் ஊர் வெப்பத்தில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 70 முதல் 75 விழுக்காடாக நீடித்தால் நெல்லின் ஈரம் 14 விழுக்காட்டை ஒட்டி நிலைபெறும். மழைக்காலக் காற்றில் அது மேலும் உயரும். மணிகளுக்கு இடையிலுள்ள காற்று 70 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை வளரத் தொடங்குகிறது. பூஞ்சை மூச்சுவிடும்போது வெப்பமும் நீரும் வெளிப்படும். அது அடுத்த மணியையும் கெடுக்கும். ஈர நெல் அம்பாரத்துக்குள் கைவிட்டால் சுடுவதற்குக் காரணம் இதுவே.

வேர்க்கடலையில் இக்கேடு உயிருக்கே ஊறு செய்யும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. அவற்றுக்குத் தீவனமாகக் கொடுத்த கடலைப் பிண்ணாக்கில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை உண்டாக்கிய நஞ்சே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். அது கல்லீரலைத் தாக்குவது, புற்றுநோய்க்கும் காரணமாவது. சமைத்தால் முழுமையாக நீங்குவதும் இல்லை. பிடுங்கிய கடலையை விரைந்து உலர்த்தி, பருப்பின் ஈரத்தைச் சுமார் 8 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பதே முதன்மையான காப்பு.

அடுப்பிலிருந்து மின்சாரத்துக்கு

ஈரத்தைக் கருவியால் அளக்கும் முயற்சி ஐரோப்பாவில் காற்றிலிருந்து தொடங்கியது. ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ்-பெனடிக்ட் டி சோசூர், மனிதத் தலைமயிர் ஈரத்தில் சற்றே நீள்வதைப் பயன்படுத்திய ஈரமானியைப் பற்றி 1783-இல் நூல் வெளியிட்டார். மயிர் நீள்வதை ஒரு முள் வட்டத் தகட்டில் காட்டியது. ஈரத்தை வேறொரு பொருளில் அது உண்டாக்கும் மாற்றத்தால் அறியலாம் என்பது இதன் கருத்து. பிற்கால உணரிகள் அனைத்துக்கும் இக்கருத்தே அடிப்படை.

தானியத்துக்கு நேரான முறை அடுப்பு முறை. குறிப்பிட்ட எடை மணியைக் கொதிநிலைக்கு மேற்பட்ட வெப்பத்தில் எடை மேலும் குறையாத வரை வைத்து, எடை இழப்பைக் கணக்கிட வேண்டும். துல்லியமான முறைதான், ஆனால் பல மணி நேரம் பிடிக்கும். வண்டியில் சரக்கோடு காத்திருக்கும் உழவருக்கு அது உதவாது. 1907-இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த பிரவுன், டியூவெல் இருவரும் விரைவான முறையொன்றை வெளியிட்டனர். 100 கிராம் தானியத்தை எண்ணெயில் இட்டுச் சூடேற்றி, வெளிவரும் நீராவியைக் குளிர்வித்து அளவுக் குழாயில் பிடித்தனர். குழாயில் 1 மில்லிலிட்டர் நீர் சேர்ந்தால் ஈரம் 1 விழுக்காடு. அரை மணி நேரத்துக்குள் விடை கிடைத்தது.

மறு ஆண்டே, 1908-இல், அதே துறையின் இயற்பியலாளர் லைமன் பிரிக்ஸ் மின்சாரத்தை நாடினார். கோதுமைக்குள் இரு மின்முனைகளைச் செருகி மின்தடையை அளந்தார். 13 விழுக்காடு ஈரமுள்ள கோதுமையின் மின்தடை, 14 விழுக்காட்டில் இருப்பதைப்போல் சுமார் 7 மடங்கு எனவும், 15 விழுக்காட்டில் இருப்பதைப்போல் சுமார் 50 மடங்கு எனவும் கண்டார். ஈரத்தில் சிறு வேறுபாடு மின்சாரத்தில் பெரு வேறுபாடாகத் தெரிந்தது.

பின்னர் மின்தேக்கி முறை வந்தது. பள்ளி இயற்பியலில் வரும் ஒப்புமை விடுதிறன் என்ற அளவு இதற்கு அடிப்படை. ஒரு பொருளை மின்தேக்கியின் இரு தகடுகளுக்கு இடையில் வைத்தால் மின்தேக்குத்திறன் எத்தனை மடங்காகிறது என்பதே அது. வெற்றிடத்துக்கு இதன் மதிப்பு 1. காற்றுக்கும் ஏறத்தாழ அதுவே. உலர்ந்த தானியத்துக்கு 2 முதல் 4 வரை. நீருக்கோ அறை வெப்பநிலையில் சுமார் 80. ஆகவே தானியத்தில் சிறிது நீர் கூடினாலும் மின்தேக்குத்திறன் கணிசமாக உயரும். இன்று ஆலைகளிலும் கொள்முதல் நிலையங்களிலும் காணும் ஈரப்பதமானிகள் மின்தடை, மின்தேக்குத்திறன் ஆகிய இரண்டில் ஒன்றை அளப்பவை.

இக்கருவிகளுக்கும் குறை உண்டு. காலை வெயிலில் மேல்தோல் மட்டும் காய்ந்த நெல், மின்தடைமானியில் உண்மையைவிடக் குறைந்த ஈரத்தைக் காட்டும். தூறலில் நனைந்த நெல் கூடுதலாகக் காட்டும். வெப்பநிலை மாறினால் திருத்தம் வேண்டும். குண்டு நெல்லுக்கும் சன்ன நெல்லுக்கும் தனித்தனி அளவுத் திருத்தம் வேண்டும்.

தமிழ்நாட்டில் 17 விழுக்காடு

இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் அமைந்த இடம் தஞ்சாவூர். 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்று தோன்றியது. மழையில் அறுவடையாகும் காவிரிப் படுகையின் ஈர நெல்லைக் கெடாமல் காப்பது அதன் முதற் பணிகளுள் ஒன்று. பின்னர் நெல் பதன ஆராய்ச்சி மையமாக வளர்ந்து தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்த அந்த ஆய்வுக்கூடமே, 2021 முதல் தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனமாக விளங்குகிறது. ஒரு தேசிய நிறுவனத்தின் தொடக்கத்தில் நெல்லின் ஈரம் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-இல் நிறுவப்பட்டது. 2002 அக்டோபர் முதல் மாநிலத்தில் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறை நடைமுறையில் உள்ளது. இதன்படி கழகம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வழியாக உழவரிடம் நெல்லை வாங்குகிறது. மத்திய அரசின் தரநிர்ணயப்படி நெல்லின் ஈரம் 17 விழுக்காட்டுக்கு மிகலாகாது.

இந்த எண்ணே மழைக்காலத்தில் சிக்கலாகிறது. முன்பு கையால் அறுத்த தாளை வயலிலேயே காயவிட்டு, பின்னர் களத்தில் அடித்துத் தூற்றினர். அதற்குள் ஈரம் பெருமளவு குறைந்துவிடும். இன்று அறுவடை இயந்திரம் நிற்கும் பயிரை அறுத்து, அடித்து, நெல்லைத் தனியே கொட்டிவிடுகிறது. அந்நெல்லில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருப்பது இயல்பு. உலர்களம் போதாத ஊர்களில் உழவர் தார்ச்சாலையில் நெல்லைப் பரப்புகின்றனர். மழை வந்தால் தார்ப்பாயால் மூடுகின்றனர். மூடிய நெல் வேர்க்கிறது. கொள்முதல் நிலைய வாசலில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஈரத்தை ஏற்றவோ இறக்கவோ செய்கிறது.

மழை மிகுந்த பருவங்களில் வரம்பைத் தளர்த்துமாறு மாநில அரசு மத்திய அரசைக் கேட்பது வழக்கமாயிற்று. நடுவண் குழுக்கள் வந்து மாதிரி எடுத்துச் செல்கின்றன. 2022 அக்டோபரில் வரம்பு 19 விழுக்காடாகவும், 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடாகவும் தளர்த்தப்பட்டது. மாதிரி எடுத்து, ஆணை வந்து சேரும் வரை உழவரின் நெல் வெட்டவெளியிலேயே இருக்க நேர்கிறது.

மின்கலமில்லாமல் விடை சொல்லும் கருவி

நெல்லின் கதைக்குத் தொடர்பே இல்லாத இடத்தில் மின்கலமில்லாக் கருவியின் வரலாறு தொடங்குகிறது. 1945 ஆகஸ்டில் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் ஆவரெல் ஹாரிமனுக்குச் சோவியத் சிறுவர் குழு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரையொன்றைப் பரிசளித்தது. அது தூதர் இல்லத்துச் சுவரில் தொங்கியது. அதனுள் ஒலி கேட்கும் கருவி மறைந்திருப்பது 1952-இல்தான் வெளிப்பட்டது. லியோன் தெரமின் என்ற உருசிய இயற்பியலாளர் உருவாக்கிய அக்கருவியில் மின்கலமும் இல்லை, கம்பியும் இல்லை. வெளியிலிருந்து வானலையைப் பாய்ச்சும்போது மட்டும் அது உயிர்பெற்றது. அறையில் எழும் பேச்சொலியால் ஒரு மெல்லிய தகடு அதிர்ந்தது. அதனால் உள்ளிருந்த அறையின் மின்தேக்குத்திறன் மாறியது. அம்மாற்றம் திரும்பிச் செல்லும் அலையில் பதிந்தது. பேச்சொலியின் இடத்தில் ஈரத்தை வைத்தால் இன்றைய ஈர வில்லையின் தத்துவம் கிடைத்துவிடும்.

1948-இல் ஹாரி ஸ்டாக்மன், எதிரொளிக்கும் அலையைக் கொண்டே செய்தி அனுப்புவது பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினார். 1973-இல் மரியோ கார்டுல்லோ நினைவகம் கொண்ட மின்கலமில்லாப் பதிலனுப்பிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1975-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த கோயெல், டெப், ஃப்ரேமன் மூவரும் பின்சிதறல் முறையை விளக்கினர். இம்முறையில் வில்லை தானாக அலை எதையும் உண்டாக்காது. தன்மேல் விழும் அலையை எதிரொளிப்பதைக் கூட்டியும் குறைத்தும் செய்தியைச் சொல்லும். முகம்பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அடுத்த தெருவுக்குச் சைகை காட்டும் சிறுவனின் செயல் போன்றது இது. சிறுவனிடம் விளக்கு இல்லை. கதிரவனின் ஒளியே போதும்.

1999-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய தன்னியக்க அடையாள ஆய்வு மையம் இவ்வில்லைகளைச் சந்தைப் பொருளாக்க முயன்றது. அதன் நிறுவனர்களுள் ஒருவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற சஞ்சய் சர்மா. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை இப்பயன்பாட்டுக்காக 2005-இல் உரிமத்திலிருந்து விலக்கப்பட்டது. சுங்கச்சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் கட்டாயமான ஃபாஸ்டேக் இவ்வலைவரிசையில் இயங்கும் மின்கலமில்லா வில்லையே. வாகனக் கண்ணாடியில் அதை ஒட்டியவர் எவரும் அதற்கு மின்கலம் மாற்றியதில்லை.

நீர் தந்த தொல்லையும் பயனும்

கடைகளிலும் கிடங்குகளிலும் இவ்வில்லைகள் பரவியபோது ஒரு குறை தெரிந்தது. அட்டைப்பெட்டி மேல் ஒட்டிய வில்லையை எளிதாகப் படிக்க முடிந்தது. தண்ணீர்ப் புட்டியிலோ ஈரப் பொருளிலோ ஒட்டியதைப் படிக்க முடியவில்லை. நீர் வானலையை விழுங்குகிறது. அத்தோடு, மேலே கண்ட அதே விடுதிறன் காரணமாக ஆண்டெனாவின் ஒத்ததிர்வையும் மாற்றிவிடுகிறது. 866 மெகாஹெர்ட்ஸுக்கு இசைத்துவைத்த ஆண்டெனாவின் அருகில் நீர் வந்தால் அதன் இசைவு கீழிறங்கும். வீணையின் தந்தியைத் தளர்த்தியதுபோல் சுருதி இறங்கிவிடுகிறது. பொறியாளர்கள் பல ஆண்டுகள் இதைத் தொல்லையாகக் கருதி, நீரிலிருந்து வில்லையைக் காக்கும் வழிகளைத் தேடினர்.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலிருந்த ஆர்.எஃப்.மைக்ரான் நிறுவனம் இத்தொல்லையையே அளவுகோலாக்கியது. அதன் மேக்னஸ் சில்லுக்குள் சிறு மின்தேக்கிகளின் தொகுதி உண்டு. ஆண்டெனாவின் சுருதி இறங்கினால், சில்லு தன் மின்தேக்கிகளைக் கூட்டிக் குறைத்து மீண்டும் இசைவுக்கு வருகிறது. எத்தனையாம் படியில் இசைவு கிடைத்தது என்பதை 0 முதல் 31 வரையிலான எண்ணாகத் தெரிவிக்கிறது. அந்த எண்ணே ஈரத்தின் அறிகுறி. ஆன் செமிகண்டக்டர் நிறுவனமும் இச்சில்லைக் கொண்டு ஈரம், வெப்பம், அழுத்தம் காட்டும் வில்லைகளை விற்றது. கார் தொழிற்சாலைகளில் கூரையிலோ கதவிலோ நீர் கசிகிறதா என்று சோதிக்க இவை பயன்பட்டன. இருக்கை விரிப்புக்கு அடியில் ஒட்டிய வில்லையை வெளியிலிருந்தே படிக்கலாம். விரிப்பைக் கழற்ற வேண்டியதில்லை.

2020-இல் சஞ்சய் சர்மா உள்ளிட்ட குழு குழந்தைகளின் அரைத்துணியில் ஈரம் காட்டும் மலிவான வில்லையை விவரித்தது. அரைத்துணியில் நீரை உறிஞ்சும் பசைப்பொருள் நனைந்ததும், அதுவே ஆண்டெனாவின் ஒரு பகுதியாகிச் செய்தி அனுப்பத் துணைசெய்கிறது. இங்கு ஈரம் வந்த பிறகுதான் வில்லை நன்றாகப் பேசுகிறது.

இத்துறையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 2006-இல் பட்டம் பெற்ற ஷியாம் கொல்லகோட்டா, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோசுவா ஸ்மித் முதலியோருடன் சேர்ந்து 2013-இல் சூழலலைப் பின்சிதறல் முறையை வெளியிட்டார். தனி வாசிப்புக் கருவி அலை அனுப்பாமலேயே, காற்றில் ஏற்கெனவே பரவியிருக்கும் தொலைக்காட்சி அலையை எதிரொளித்து இரு கருவிகள் பேசிக்கொள்ள முடியும் என்று அது காட்டியது. 2022-இல் விக்ரம் ஐயரும் கொல்லகோட்டாவும் அடங்கிய குழு சுமார் 30 மில்லிகிராம் எடையுள்ள உணரிகளை உருவாக்கியது. காற்றில் பறக்கும் விதையைப் போன்ற அமைப்புடைய இவை மின்கலமின்றிச் சூரிய ஒளியில் இயங்கி, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் தெரிவித்தன. வயலில் உணரிகளை விதைபோல் தூவலாம் என்பது இம்முயற்சியின் நோக்கம்.

மூட்டைக்குள் வில்லை

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் கையடக்க ஈரப்பதமானியே பயன்பாட்டில் உள்ளது. அதன் இடத்தில் வில்லையை உடனே வைத்துவிட முடியாது. காரணங்கள் தெளிவானவை.

முதலாவது, வில்லை காட்டுவது தன்னைத் தொட்டிருக்கும் இடத்தின் ஈரத்தை மட்டுமே. 40 கிலோ மூட்டையில் அடியிலும் நடுவிலும் மேலும் ஈரம் வேறுபடும். இரண்டாவது, 0 முதல் 31 வரையிலான எண்ணைக் கொண்டு 17-க்கும் 18-க்கும் இடையில் தீர்ப்புச் சொல்ல இயலாது. நெல் வகைதோறும் அளவுத் திருத்தம் செய்தாக வேண்டும். மூன்றாவது, ஈர மூட்டைகள் அடுக்காக இருந்தால் உள்ளடுக்கில் உள்ள வில்லையை வானலை எட்டாது. நான்காவது விலை. எளிய அடையாள வில்லை சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. உணர்வில்லையின் விலை அதைவிட அதிகம்.

இவ்வில்லை இன்று பொருந்தும் இடம் சேமிப்பு. கிடங்கில் அடுக்கிய நெல், விதைக்கென எடுத்துவைத்த மல்லாட்டை, ஆலையில் காத்திருக்கும் புழுங்கல் அரிசி ஆகியவை மாதக்கணக்கில் மூடியே கிடப்பவை. அவற்றில் துல்லியமான எண்ணைவிட, ‘நேற்றைவிட இன்று ஈரம் ஏறுகிறதா’ என்ற செய்தியே முதன்மையானது. பூஞ்சை தொடங்குவதற்கு முன் மூட்டையைப் பிரித்து வெயில் காட்ட அந்த எச்சரிக்கை போதும். மின்கலம் இல்லாததால் வில்லையைப் பருவம் முழுவதும் உள்ளேயே விட்டுவிடலாம். தீர்ந்த மின்கலத்தின் நச்சுப்பொருள் உணவுத் தானியத்தோடு கலக்கும் அச்சமும் இல்லை.

அளவும் நம்பிக்கையும்

கடித்துப் பார்த்த காலத்தில் உழவரும் வணிகரும் ஒரே கருவியை வைத்திருந்தனர். இருவருக்கும் பல் இருந்தது; ஒருவர் முடிவை மற்றவர் சோதிக்க முடிந்தது. ஈரப்பதமானி வந்தபோது துல்லியம் கூடியது. ஆனால் கருவி வாங்குபவரின் மேசையில் இருக்கிறது. தராசின் முள் நடுவில் நிற்பதை எவரும் கண்ணால் காணலாம். ஈரப்பதமானியின் திரையில் தெரியும் எண் சரியா என்பதை மூட்டையோடு நிற்பவர் காண வழியில்லை. கொள்முதல் காலங்களில் எழும் வழக்குகளில் ஒரு பகுதி நீரைப் பற்றியது. மறு பகுதி அந்த எண்ணை யார் பார்த்தார் என்பதைப் பற்றியது.

இதற்குத் தீர்வாக வருவது எந்தக் கருவியானாலும், அது இரு தரப்பும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். உழவர் தன் களத்திலேயே ஈரத்தை அறிந்துகொண்டால், காயாத நெல்லை வண்டி வாடகை கொடுத்துக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் இழப்பு நேராது. ஊராட்சி தோறும் ஓர் ஈரப்பதமானியும் ஓர் உலர்களமும் இருந்தாலே இதில் பெரும்பகுதி நிறைவேறும். கிடங்கில் அடுக்கும் மூட்டைகளுக்கு மின்கலமில்லா வில்லை அடுத்த படியாக அமையலாம். சொர்ணவாரி நெல் களத்துக்கு வரும் ஆவணி மாலைகளில், மேகம் திரளும் முன் அள்ளுவதா இன்னும் ஒரு காய்ச்சல் விடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய உழவருக்கு, அவர் கையிலேயே கிடைக்கும் எண்தான் பயன்படும்.